மூடும்போதே திறக்கும் நாளைச் சொல்லுங்கள்

பெருந்தொற்றில் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் ரயில் நின்றது. இருபது ஆண்டுகள் பூட்டிக் கிடந்த ஆஸ்பத்திரி திறந்தது. ஊருக்குப் பொதுவானதை யார் மூடலாம், யார் திறக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் அங்கே இன்னும் தீரவில்லை.

விடிய இன்னும் நேரமிருக்கிறது. தங்கவயலின் மாரிகுப்பம் ஸ்டேஷனில் பெங்களூரு வண்டி புறப்படத் தயாராக நிற்கிறது. டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் திணித்த பைகளோடு ஆட்கள் ஏறுகிறார்கள். எல்லோரும் தினமும் வருகிறவர்கள் என்பதால் எந்தப் பெட்டியில் யார் உட்காருவார்கள் என்பது முன்பே முடிவான விஷயம். ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டு, சாம்பியன் ஸ்டேஷனில் ஏறப்போகும் தோழிக்கு இடம் பிடித்து வைப்பார்கள். சாம்பியன், ஊரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று நின்று நின்று வண்டி நிரம்பும். பங்காருப்பேட்டை தாண்டினால் கால் வைக்க இடமிருக்காது. மாலூர், ஒயிட்ஃபீல்டு, கே.ஆர்.புரம் என்று பெங்களூரு நெருங்க நெருங்க இறங்கத் தொடங்குவார்கள். கார்மென்ட்ஸ், கட்டட வேலை, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், ஐ.டி. அலுவலகம் என்று அந்த நகரத்தின் எல்லாத் தளங்களிலும் தங்கவயல்காரர்கள் வேலை பார்க்கிறார்கள்.

ஒரு வழிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. இருட்டில் கிளம்பி இருட்டில் வீடு திரும்பும் இந்த வாழ்க்கையை ஆயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, ஊரைவிட்டுப் போகாமல் ஊரிலேயே குடியிருக்க அவர்களுக்குக் கிடைத்த வழி இந்த ரயில் ஒன்றுதான். சில நாள் பஸ் செலவில் ஒரு மாதப் பாஸ் எடுத்துவிடலாம். அந்தப் பாஸை நம்பித்தான் வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பெரியவர்களின் மருந்து எல்லாமே கணக்குப் போடப்பட்டிருந்தன.

2020 மார்ச் 22 நள்ளிரவோடு நாடெங்கும் பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்டன. மாரிகுப்பம் வண்டியும் நின்றது. அன்று அதை யாரும் தவறென்று சொல்லவில்லை. சண்டை பிறகுதான் தொடங்கியது. எப்போது திரும்ப ஓடும், யாருக்கு ஓடும், என்ன விலைக்கு ஓடும் என்பதில்.

முதலில் திறந்தது எது?

ஊரடங்கு தளர்ந்த வரிசையை இன்று திரும்பிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. கர்நாடகத்தில் 2020 மே 4ஆம் தேதி மதுக்கடைகள் திறந்தன. மே 19 முதல் பூங்காக்களில் காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் நடைப்பயிற்சிக்கு அனுமதி கிடைத்தது. அதே நாளில் மாநிலத்துக்குள் அரசு பஸ்களும் ஓடத் தொடங்கின. ஜூன் 8ஆம் தேதி கோயில், சர்ச், மசூதி, ஹோட்டல், மால் எல்லாம் திறந்தன. செப்டம்பர் 7ஆம் தேதி பெங்களூரின் நம்ம மெட்ரோவும் ஓடத் தொடங்கிவிட்டது.

தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் இதற்கிடையில் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டன. ஆக, வேலை திறந்துவிட்டது. வேலைக்குப் போகும் வழி திறக்கவில்லை. பெங்களூருக்குள் குடியிருப்பவர் மெட்ரோவில் ஏறிப் போகலாம். அந்த நகரத்துக்குத் தினமும் உழைப்பைக் கொண்டுவந்து கொட்டும் தங்கவயல்காரர் என்ன செய்வார்? பஸ்ஸில் போனால் சம்பளத்தில் பெரும்பகுதி டிக்கெட்டுக்கே சரியாகிவிடும். நாலு பேர் சேர்ந்து வண்டி வைத்துக்கொண்டால், ரயிலில் இருந்ததைவிட நெருக்கமாக உட்கார வேண்டும். பைக்கில் தினமும் 200 கிலோமீட்டர் என்பது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவது. பெங்களூரில் அறை எடுத்துத் தங்கலாம் என்றால், இரண்டு வாடகை கொடுக்க வருமானம் வேண்டும். கைக்குழந்தையையோ வயதான மாமியாரையோ விட்டுவிட்டு அறையெடுத்துத் தங்க முடியாத பெண்களுக்கு அந்த வழியும் கிடையாது.

நடைப்பயிற்சிப் பூங்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. காற்றோட்டமான வெளியிடங்களில் தொற்று குறைவாகப் பரவும் என்பதால் அதை முதலில் திறந்தது சரிதான். ஆனால் திறப்பின் வரிசையைத் தீர்மானித்தவர்களின் மேசையில் எந்தெந்த இடங்களுக்குப் பேச ஆள் இருந்தது என்பதையும் நாம் கேட்க வேண்டும். மதுக்கடைக்கு வரி வருமானம் பேசியது. மாலுக்கு வியாபாரிகள் சங்கம் பேசியது. மெட்ரோவுக்கு நகரம் பேசியது. மாரிகுப்பம் பாசஞ்சருக்குப் பேச, பாஸ் வைத்திருந்த பயணிகளைத் தவிர வேறு யாரும் இல்லை. அந்தப் பயணிகளும் கதவுக்கு வெளியேதான் நின்றார்கள்.

வீட்டுக்குள்ளேயே இரண்டு நியாயம்

இதை ஏழை ஒரு பக்கம், அதிகாரி ஒரு பக்கம் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. தங்கவயலில் இந்த வழக்கு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நடந்தது என்பதே உண்மை.

இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோயின் கதையை மருத்துவப் பாடநூல்கள் 1947இல் கோலார் தங்கச் சுரங்கத்திலிருந்துதான் தொடங்குகின்றன. பாறையைத் துளைக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து, அதைத் தழும்பாக்கி, சுருங்கி விரியும் சக்தியைப் பறித்துவிடும். மருந்து கொடுத்துத் தூசியை வெளியே எடுக்க வழியில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. அந்த ஆழத்தில் வேலை பார்த்த தலைமுறையில் மிஞ்சியவர்கள் இன்று லைன் வீடுகளில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நெருக்கி நெருக்கிக் கட்டிய, ஒரே அறையில் சமையலும் படுக்கையும் நடக்கிற வீடுகள் அவை. பெங்களூரு போய்வரும் மகன் ஒரு இருமலோடு வந்தால், தனியாக ஒதுங்கிப் படுக்க இன்னொரு அறை கிடையாது.

அதனால் ரயில் ஓட வேண்டும் என்று மகன் சொன்னதில் எவ்வளவு நியாயமோ, கொஞ்ச நாள் ஓடாமல் இருக்கட்டும் என்று அப்பா நினைத்ததிலும் அவ்வளவு நியாயம். 2021 மே 5ஆம் தேதி கர்நாடகத்தில் ஒரே நாளில் 50,000க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் ஜனங்கள் அலைந்த நாட்கள் அவை. நெரிசலான ரயில்பெட்டி ஆபத்தானது என்ற எச்சரிக்கை வெறும் சாக்கு இல்லை.

ஆபத்து இருக்கிறது என்பதற்காக, அதை எப்படிக் குறைப்பது என்ற பேச்சையே நிறுத்திவிட்டதுதான் குறை. கூடுதல் வண்டி விட்டு நெரிசலைக் குறைக்கலாமா? தொழிற்சாலைகளின் ஷிஃப்ட் நேரத்தை மாற்றிக் கூட்டத்தைப் பிரிக்கலாமா? ஜன்னல் திறந்த மெமு மின்சார ரயிலுக்கும் குளிர்பதனம் செய்த பஸ்ஸுக்கும் ஆபத்தில் உள்ள வித்தியாசம் என்ன? இந்தக் கேள்விகளை அப்பாவையும் மகனையும் உட்கார வைத்து யாராவது பேசியிருந்தால், இருவரும் சேர்ந்தே ஒரு வழியைச் சொல்லியிருப்பார்கள். 1930இல் கட்டாயக் கைரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்கத்தையே நிறுத்திய தொழிலாளர்களின் வாரிசுகள் அவர்கள். கூடிப் பேசி முடிவெடுப்பது அந்த ஊருக்குப் புதிதில்லை.

திரும்பி வந்தது அதே வண்டி, விலை வேறு

நாடெங்கும் பாசஞ்சர் வண்டிகள் படிப்படியாகத் திரும்ப வந்தன. ஆனால் பழைய பாசஞ்சராக வரவில்லை. முன்பதிவில்லாத ‘எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்’ என்ற பெயரில், பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணோடு, எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் வந்தன. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. அதே பெட்டி, அதே நிறுத்தங்கள், அதே வேகம். பக்கத்து ஊருக்குக் காய்கறிக் கூடையோடு போகிறவருக்கு மட்டும் மூன்று மடங்குச் செலவு. மாதப் பாஸும் எல்லா இடத்திலும் ஒரே நாளில் திரும்பவில்லை. மண்டலம் மண்டலமாக, வண்டி வண்டியாகத்தான் திரும்பியது.

தேவையில்லாத பயணத்தைக் குறைக்கவே கூடுதல் கட்டணம் என்று ரயில்வே அன்று விளக்கம் சொன்னது. நோய் தீவிரமாக இருந்த மாதங்களில் அந்தக் காரணத்தை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் 2021 நவம்பரில் ‘ஸ்பெஷல்’ முறையைக் கைவிட்டு மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளைப் பழைய எண்ணிலும் பழைய கட்டணத்திலும் ஓட்ட ரயில்வே அமைச்சகம் உத்தரவிட்ட பிறகும், பாசஞ்சர் வண்டிகளின் எக்ஸ்பிரஸ் கட்டணம் நீடித்தது. பாசஞ்சர்களுக்குப் பழைய சாதாரணக் கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரி கடைசியில்தான். கொரோனா தொடங்கி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். முகக்கவசம் போய், தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பது போய், ஊரே பழைய நிலைக்கு வந்த பிறகும் ஏழைகளின் டிக்கெட்டில் மட்டும் ஊரடங்கு நீடித்தது.

மூத்த குடிமக்களின் கதை இன்னும் மோசம். 60 வயது கடந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும், 58 வயது கடந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் கட்டணத்தில் சலுகை இருந்தது. முதியவர்கள் வெளியே வராமல் இருக்கட்டும் என்று 2020 மார்ச் 20இல் அதை நிறுத்தினார்கள். அவர்களின் உடல்நலம் கருதி எடுத்த முடிவு. பிறகு அவர்கள் வெளியே வரலாம் என்றானது, சலுகை மட்டும் திரும்பி வரவில்லை. ரயில்களில் முன்பிருந்தே மானியம் இருக்கிறது, அதற்கு மேல் முடியாது என்று பதில் வந்தது. உடல்நலத்துக்காக மூடியதை வரவு செலவுக் கணக்கைச் சொல்லித் திறக்க மறுப்பது நேர்மையான செயல் இல்லை. சலுகையை எடுக்க வேண்டும் என்றால் அதை நாடாளுமன்றத்தில் பேசி, காரணம் சொல்லி எடுங்கள். தொற்றின் பெயரால் மூடிவிட்டு, தொற்று போன பிறகு பூட்டைக் கழற்ற மறந்தவர்களைப் போல இருந்துவிடாதீர்கள்.

மூடியது திறக்காது என்று தெரிந்த ஊர்

வேறு ஊர்களில் ரயில் நின்றபோது ஜனங்கள் கவலைப்பட்டார்கள். தங்கவயலில் பயந்தார்கள். அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கம் தோண்ட வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த தமிழ், தெலுங்குத் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள், பூமிக்கடியில் இறங்கினார்கள். தங்கம் வெளியே போக, ஊருக்குள் வசதிகள் வந்தன. 1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை ரயில் வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். நாட்டின் பெரிய நகரங்கள் பலவும் அப்போது எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் இருந்தன. பேத்தமங்கலத்திலிருந்து பாலாற்றுத் தண்ணீர் வந்தது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மைதானம், குடியிருப்பு எல்லாமே கம்பெனியுடையவை.

எல்லாம் ஒரே கையில் இருந்ததுதான் வினை. 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவானது. 2001இல் அந்த நிறுவனம் சுரங்கத்தை மூடியபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் வேலை மட்டும் போகவில்லை; தண்ணீர், ஆஸ்பத்திரி, தெருவிளக்கு எல்லாமே பொறுப்பாளர் இல்லாமல் நின்றன. நிலம் மத்திய அரசின் நிறுவனத்துடையது, ஊர் மாநிலத்துடையது, குப்பை நகராட்சியுடையது. எதற்குப் போய் யாரிடம் நின்றாலும், இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டினார்கள்.

சுரங்கத்தைத் திறப்போம் என்ற பேச்சுக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை. 2013இல் உலகளாவிய டெண்டருக்கு உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2024 ஜூனில் சுமார் 1,003 ஏக்கரில் சுரங்கக் கழிவு குவிந்திருக்கும் சயனைடு மேடுகளிலிருந்து தங்கம் பிரிக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் சுரங்கம் திறக்கிறது, வாக்கு எண்ணி முடிந்ததும் மூடிக்கொள்கிறது. ‘தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது’ என்ற வாக்கியத்தை இருபது ஆண்டுகளாகப் படித்துவரும் ஊருக்கு, ரயில்வே அறிவிப்பு எப்படிக் கேட்டிருக்கும்?

பெருந்தொற்று திறந்த கதவு

இந்த ஊரில்தான் எதிர்பாராத ஒன்று நடந்தது. எல்லாவற்றையும் மூடிய அதே தொற்று, மூடிக் கிடந்த ஒன்றைத் திறந்தது.

1880இல் தொடங்கிய சுரங்க ஆஸ்பத்திரி, ஒரு காலத்தில் 800 படுக்கைகள் வரை கொண்டது. பாறை வெடிப்பில் நசுங்கிய காலோடும், தூசி படிந்த நுரையீரலோடும் வந்தவர்களுக்கு அதுதான் முதல் வாசல். பெண்களின் பிரசவமும் அங்கேதான். சுரங்கத்தோடு அதையும் பூட்டினார்கள். பிறகு அவசரம் என்றால் தங்கவயல்காரர்கள் கோலாருக்கோ பெங்களூருக்கோ வண்டி பிடித்து ஓட வேண்டும். ஓடும் வழியிலேயே முடிந்துபோன உயிர்களைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

2021 இரண்டாம் அலையில் படுக்கைக்குத் திண்டாட்டம் வந்தபோது, கோலார் எம்.பி.யாக இருந்த எஸ்.முனிசாமியின் முயற்சியில், உள்ளூர்த் தன்னார்வலர்கள் நூற்றுக்கணக்கில் அந்த வளாகத்துக்குள் இறங்கினார்கள். இருபது ஆண்டுப் புதரை வெட்டினார்கள். தூசியை வாரினார்கள், தரையைத் தேய்த்துக் கழுவினார்கள், சுவருக்கு வண்ணம் அடித்தார்கள். சில வாரங்களுக்குள் அந்த இடம் கொரோனா நோயாளிகளைச் சேர்க்கும் நிலைக்கு வந்தது.

இருபது ஆண்டுகளாக முடியாது என்று சொன்னது எப்படிச் சில வாரங்களில் முடிந்தது? இத்தனை நாள் தடுத்தவை நில உரிமை, கோப்பு, நிறுவனக் கலைப்பு நடவடிக்கை, மத்திய மாநில இழுபறி என்றார்களே, அவையெல்லாம் அந்த வாரங்களில் எங்கே போயின? எங்கும் போகவில்லை. அவற்றுக்கும் மேலான அவசரம் ஒன்று வந்ததும், கதவைத் திறந்துவிட்டுப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். அவ்வளவுதான். தங்கவயல்காரர்களுக்கு அவசரம் கொரோனாவோடு வந்து கொரோனாவோடு போய்விடவில்லை. மூச்சுத்திணறும் பழைய தொழிலாளிக்குத் தினமும் அவசரம்தான். அந்த வாரங்களின் மனம் நிரந்தரமாக இருந்தால், நுரையீரல் நோய்க்கான முழுநேர அரசு மருத்துவமனை இந்த ஊருக்குச் சாத்தியமில்லாத கனவு இல்லை.

மற்ற ஊர்கள் சொல்லும் பாடம்

இந்தச் சிக்கல் தங்கவயலுக்கு மட்டும் உரியதில்லை. சென்னை மெரினா 2020 மார்ச்சில் மூடி, டிசம்பர் 14ஆம் தேதிதான் திறந்தது. அதுவும் நீங்களாக முடிவெடுக்காவிட்டால் நாங்கள் உத்தரவிட நேரும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அழுத்தம் கொடுத்த பிறகு. சுண்டலும் பஜ்ஜியும் விற்றுப் பிழைத்தவர்களுக்கு அந்த ஒன்பது மாதம் அடுப்பெரியவில்லை. சென்னைப் புறநகர் ரயில் முதலில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு, பிறகு நெரிசலில்லாத நேரத்தில் பெண்களுக்கு, பிறகு டிசம்பர் 23இலிருந்து அதே நேரங்களில் மற்றவர்களுக்கு என்று படி வைத்துத் திறந்தது. மும்பை லோக்கல் 2021 பிப்ரவரி 1 முதல் குறிப்பிட்ட நேரங்களில் எல்லோருக்கும் ஓடியது. இரண்டாம் அலையில் மீண்டும் மூடி, ஆகஸ்ட் 15 முதல் இரண்டு தடுப்பூசி போட்டவர்களுக்குத் திறந்தது. இங்கிலாந்தில் குழந்தைகளின் விளையாட்டு மைதானங்களும் மதுக்கூடங்களும் ஒரே நாளில், 2020 ஜூலை 4இல் திறந்தன. கடைகள் அதற்கு மூன்று வாரம் முன்பே திறந்துவிட்டன. ஊஞ்சலுக்காகப் பேச அங்கும் ஆள் குறைவு.

கர்நாடகத்தின் பள்ளிக்கூடங்களையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு 2021 அக்டோபர் 25ஆம் தேதிதான் வகுப்பறை திறந்தது. ஒன்றரை வருடத்துக்கும் மேலாகிவிட்டது. ஒரே அறை வீட்டில், ஒரே போனில், அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடும் போனில், அந்தப் பிள்ளை என்ன படித்திருக்கும்?

எல்லா இடத்திலும் ஒரே வடிவம் தெரிகிறது. மூடும் உத்தரவுக்கு ஒருவர் கையெழுத்துப் போதும். திறக்கப் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும், அந்தப் பத்துப் பேரில் யாருக்கும் தாமதத்தால் நஷ்டமில்லை. நஷ்டப்படுபவருக்கோ கையெழுத்துப் போடும் உரிமை இல்லை.

அடுத்த உத்தரவுக்கு முன்

இன்னொரு தொற்று வரும். வெள்ளம் வரும், நச்சுப்புகை வரும். பொது இடங்களை மூட வேண்டிய நாள் திரும்பவும் வரும். அன்று மூடுங்கள் என்றே நானும் சொல்வேன். தூசி படிந்த நுரையீரலோடு லைன் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் உயிர் எந்த மாதப் பாஸையும்விடப் பெரியது. ஆனால் மூடும் உத்தரவிலேயே நான்கு விஷயங்கள் எழுதப்பட வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இந்த மூடல் எந்தத் தேதிவரை, நீட்டிப்பதானால் புதிதாகக் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது முதலாவது. எந்த நிலை வந்தால் திறப்பீர்கள் என்ற அளவுகோல் இரண்டாவது. திறக்கும் பொறுப்பு எந்தப் பதவியில் இருப்பவருடையது என்பது மூன்றாவது. தங்கவயல் போல மூன்று நிர்வாகங்களின் கையில் ஊர் இருந்தால் இது இன்னும் அவசியம். பழைய கட்டணத்தில், பழைய சலுகைகளோடு திறப்போம் என்ற உறுதி நான்காவது. விலை ஏற்ற வேண்டுமானால் அதைத் தனியாக, வெளிப்படையாகச் செய்யுங்கள். இந்த நான்கையும் முடிவு செய்யும் கூட்டத்தில், அந்த வசதியை நம்பிப் பிழைப்பவர்களுக்கு நாற்காலி போட வேண்டும். மாரிகுப்பம் வண்டியைப் பற்றிப் பேசும் அறையில், அதில் நின்றுகொண்டே இரண்டு மணி நேரம் போகிற கார்மென்ட்ஸ் தொழிலாளி ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இவற்றுக்குக் கோடிகள் செலவாகாது. உத்தரவுத் தாளில் இன்னும் ஒரு பத்தி போதும். அந்த ஒரு பத்தி இல்லாததால்தான் நாட்டின் ஏழைப் பயணிகள் ஆண்டுக்கணக்கில் கூடுதல் கட்டணம் கட்டினார்கள். 2001இன் மூடல் உத்தரவில் அது இருந்திருந்தால், தங்கவயலின் ஆஸ்பத்திரி திறக்க ஒரு பெருந்தொற்று வர வேண்டியிருந்திருக்காது.